நெல்லை நகரப் பேருந்து: தடத்தைத் தீர்மானிப்பது யார், மனுவை எங்கே கொடுப்பது?

திருநெல்வேலியில் பேருந்து நிலையங்கள் மாநகராட்சிக்குச் சொந்தமானவை. அவற்றில் வந்து நிற்கும் பேருந்துகள் மாநகராட்சிக்குச் சொந்தமானவை அல்ல. தெருவுக்கு நகரப் பேருந்து வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடமும் மேயரிடமும் கொடுக்கப்படும் மனுக்கள் ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கவுன்சிலர் பரிந்துரைக் கடிதம் தரலாம், மாமன்றம் தீர்மானம் போடலாம். ஆனால் ஒரு நடையைக் கூட்டவோ குறைக்கவோ இருவருக்கும் அதிகாரம் இல்லை.

அந்த வேலையைச் செய்வது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (திருநெல்வேலி). 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, 1997-இல் தலைவர்கள் பெயர்கள் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டபோது பெயர் மாறி, சில காலம் மதுரையின் கீழ் இருந்து, 2010-இல் மீண்டும் தனிக் கழகமானது. பழைய பெயரின் ஆங்கிலச் சுருக்கம் கே.டி.சி. நகர் என்ற குடியிருப்பின் பெயரில் இன்றும் நிற்கிறது. வண்ணார்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இக்கழகம் மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால், தூத்துக்குடி, நாகர்கோவில் பகுதிகளின் பேருந்துகளையும் சேர்த்தே அது பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் உள்ளதுபோல் எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைத்துத் திட்டமிடும் தனிக் குழுமம் நெல்லைக்குக் கிடையாது.

கழகமும் தன் விருப்பப்படி ஒரு பேருந்தைப் புதிய சாலையில் ஓட்டிவிட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அரசுப் பேருந்தானாலும் தனியார் பேருந்தானாலும், ஒவ்வொரு தடத்துக்கும் அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், வேண்டும். அதை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டில் அப்பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. கட்டணத்தை மட்டும் மாநில அரசே நிர்ணயிக்கிறது. அதே சட்டத்தின் 71-ஆம் பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு விதி உண்டு: விண்ணப்பதாரர் கொடுக்கும் கால அட்டவணையைப் பார்த்தால் வேக வரம்பை மீறித்தான் ஓட்ட முடியும் என்று தோன்றினால், ஆணையம் அனுமதியை மறுத்தே ஆக வேண்டும். இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் சாலைகளில், கொடுக்கப்பட்ட நேரம் உண்மையில் போதுமானதா என்று கேட்க இந்த விதி இடமளிக்கிறது. 74-ஆம் பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்டண அட்டவணையும் கால அட்டவணையும் வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று பெர்மிட்டிலேயே நிபந்தனை விதிக்கலாம். இதைக் கடைப்பிடிக்கும் நிறுத்தங்கள் மிகக் குறைவு.

இனி, ஒரு நடை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். பணிமனையைப் பொறுத்தவரை அடிப்படை அலகு பேருந்து அன்று, ஒரு நாளைய டூட்டி. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பணி நேரத்தைப் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது; தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. இப்படி ஒரு கட்டத்துக்குள் எத்தனை சிங்கிள் (ஒரு வழி நடை) அடங்கும், பணிமனையிலிருந்து முதல் நிறுத்தத்துக்குக் காலியாக ஓடும் தூரம் எவ்வளவு, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று கணக்குப் போட்டே அட்டவணை எழுதப்படுகிறது. காலை 8 முதல் 9.30 வரை மட்டும் ஒரு பேருந்து கூடுதலாக வேண்டும் என்று கேட்பது நமக்கு எளிய கோரிக்கை. பணிமனைக்கோ அது ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், ஒரு நடத்துநர், அவர்களுக்கு மீதி ஆறரை மணி நேர வேலை. 'பரிசீலிக்கப்படும்' என்ற ஒற்றை வரிப் பதில் வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

நெல்லையின் நில அமைப்பும் இதில் குறுக்கிடுகிறது. டவுனையும் ஜங்ஷனையும் ஒருபுறமும் பாளையங்கோட்டையை மறுபுறமும் வைத்து நடுவே தாமிரபரணி ஓடுகிறது. பெருவாரியான நகரப் பேருந்துகள் 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வழியேதான் ஆற்றைக் கடக்கின்றன. காலையில் பாளைப் பள்ளி, கல்லூரிகளுக்கும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகும் கூட்டம் முழுவதும் வண்ணார்பேட்டையில் ஒன்று சேர்வதால், அங்கே ஏற்படும் பத்து நிமிடத் தாமதம் அன்றைய மீதி நடைகள் அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும். கடைசிச் சிங்கிள் 'கட்' ஆவதும் இதனால்தான். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளுக்குள் வண்டிகள் போக முடியாது என்பதால் மாற்றுப் பாதை அறிவிக்கப்படும். அதை முடிவு செய்வதில் காவல் துறைக்கே முதலிடம்.

பயணிகளின் உரிமைகளில் முதன்மையானது மகளிர் விடியல் பயணம். 2021 மே 8 முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் உதவியாளர் ஒருவருக்கும் இச்சலுகை பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. வயது வரம்போ வருமான வரம்போ இல்லை. புறநகர்ப் பேருந்து, விரைவுப் பேருந்து, தனியார் பேருந்து ஆகியவற்றில் இது செல்லாது. டவுனிலிருந்து பேட்டைக்குத் தனியார் வண்டியில் ஏறினால் கட்டணம் கொடுத்தாக வேண்டும். கட்டணம் இல்லை என்பதற்காகச் சீட்டு வாங்காமல் இருந்துவிடக் கூடாது. நடத்துநர் தரும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டுத்தான் பயணத்துக்குப் பதிவு. இழப்பை அரசு கழகத்துக்கு ஈடுசெய்வதும், ஒரு தடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தெரிவதும் அதைக் கொண்டே. சீட்டு வாங்காத கூட்டம் நிறைந்த பேருந்து, கணக்கில் காலிப் பேருந்தாகவே தெரியும். மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டைக்குப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

கோரிக்கை வைக்கும்போது, புதிய பேருந்து கேட்பதைவிட இருக்கும் நடையை நீட்டிக்கக் கேட்பது பலன் தரும் என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, என்.ஜி.ஓ. காலனியோடு திரும்பும் ஒரு வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னால், புதிய டூட்டி தேவைப்படாது. பெர்மிட் நிபந்தனையில் மாற்றம் போதும். மனுவில் தட எண், எந்த நேர நடை, எந்த இடம் வரை நீட்டிப்பு, வண்டி திரும்ப இடம் உண்டா, தாழ்வான மின்கம்பி ஏதும் குறுக்கிடுகிறதா என்பவற்றை எழுதி, அந்தத் தடத்தை இயக்கும் பணிமனையின் கிளை மேலாளருக்கும் வண்ணார்பேட்டையிலுள்ள பொது மேலாளருக்கும் கொடுக்க வேண்டும். நகல் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். நிற்காமல் போன பேருந்து, வராத நடை போன்ற அன்றாடப் புகார்களுக்கு 149 என்ற எண் உண்டு. வண்டியின் பதிவெண்ணும் நேரமும் சொன்னால்தான் விசாரணை நகரும். பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் அந்தத் தடத்தின் அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணையையும், கடந்த மாதம் ரத்தான நடைகளின் விவரத்தையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நிழற்குடை கேட்பவர்கள் மட்டும் மாநகராட்சிக்குப் போகலாம். ஆனால் நிறுத்தம் எந்த இடத்தில் என்பதை மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பதால், குடை கட்டிய பிறகு பேருந்து சற்றுத் தள்ளி நிற்கும் காட்சி இங்கே புதிதல்ல. முதலில் நிறுத்தத்துக்கு ஆணை வாங்கிவிட்டு, பிறகு குடைக்கு மனு எழுதுவது நல்லது.

மாநகர எல்லையைத் தாண்டிய சிற்றூர்களுக்கு இன்னொரு வழி, 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பேருந்துத் திட்டம். தடத்தின் மொத்த நீளம் 25 கிலோமீட்டருக்கு மிகாமல், அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் தனியார் என்பதால் விடியல் பயணம் இதற்குப் பொருந்தாது. ஊருக்கு இப்படி ஒரு தடம் தேவை என்று ஊராட்சி வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதலாம்.