கிளையண்ட் வேணும்னு பண்ணலன்னா புகார் குடுக்கக் கூடாதா?

தெரபிஸ்ட் ஆகறதுக்குப் படிக்கற ஒரு பொண்ணு எங்கிட்ட சூப்பர்விஷனுக்கு, அதான் தன் கேஸ்களப் பத்திப் பேசி வழிகாட்டல் வாங்க வருது, இன்னும் ட்ரெயினிங்கே முடிக்கல, போன மாசம் பேச்சுவாக்குல சொல்லுது, ஒரு கிளையண்ட் ராத்திரி 11 மணிக்கு மேல அசிங்க அசிங்கமா மெசேஜ் அனுப்பிட்டே இருக்காராம், மூணு வாரமா. ஏன்மா யார்கிட்டயும் சொல்லலன்னா "அது ட்ரான்ஸ்ஃபரன்ஸ் மேடம், அவர் வேணும்னு பண்ணல"ன்னு அவருக்காக இது வாதாடுது! (ட்ரான்ஸ்ஃபரன்ஸ்னா, வேற யார் மேலயோ இருக்கற உணர்ச்சிய கிளையண்ட் தன்னை அறியாம தெரபிஸ்ட் மேல காட்டறது.) (அவ சம்மதத்தோடதான் எழுதறேன்.) படிச்ச படிப்பே நம்ம காலை வாரிவிடற இடம் இதுதான்.

சட்டம் அப்படிப் பாக்கறதில்ல. ஐஎல்ஓ, அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2019ல கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கை 2021 ஜூன்லேர்ந்து அமல்ல இருக்கு. பாதிக்கணும்னு நெனச்சுப் பண்ணாலும் சரி, நெனைக்காமப் பண்ணி பாதிப்பு வந்தாலும் சரி, வர வாய்ப்பு இருந்தாலே போதும், ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது வேலையிடத் தொல்லைதான்னு அதுல இருக்கு. ட்ரெயினி, வாலண்டியர், வேலை தேடி வந்தவங்க எல்லாரும் உள்ள வருவாங்க, வேலை சம்பந்தமா ஃபோன்ல வர்ற மெசேஜும்தான். உயிருக்கோ உடம்புக்கோ உடனடியா பெரிய ஆபத்துன்னு நியாயமா தோணினா எழுந்து வெளிய வந்துடலாம், நிர்வாகத்துக்கு சொல்லணும், அதுக்காக உங்கள பழிவாங்கக் கூடாது. உங்க நாடு இதை ஏத்துக்கலன்னா நேரா இது செல்லாது, அப்ப உள்ளூர் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், பாலியல் தொல்லைச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

எல்லாரும் பயப்படறது ரகசியக் காப்புக்குத்தான், அதாவது கிளையண்ட் சொன்னத வெளிய சொல்லக் கூடாதேன்னு. செஷன்ல அவர் சொன்ன கதைய யாரும் கேக்கல, அவர் உங்களுக்கு என்ன பண்ணாருங்கறது மட்டும் போதும், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட், அதுவும் தேவையான ஆள்கிட்ட மட்டும். அமெரிக்க சைக்காலஜிக்கல் அசோசியேஷனோட நெறிமுறைய எடுத்துக்கங்க, கிளையண்ட் மிரட்டினா தெரபிய நிறுத்திக்கலாம்னு 10.10லயே இருக்கு, பாதில கைவிட்டுட்டோமேன்னு குத்த உணர்ச்சி வேண்டாம்.

மேலதிகாரி பண்ற கொடுமை தனி ரகம். "நீயே தெரபிஸ்ட், இதக்கூட ஹேண்டில் பண்ணத் தெரியாதா"ன்னு கேப்பாங்க பாருங்க, அந்த ஒரு வரில எத்தனை புகார் அமுங்கிப் போயிருக்கு. அதனால வாய்வார்த்தையா சொல்லாதீங்க, மெயில்ல போடுங்க, அதோட காப்பி ஒண்ணு உங்க கையில இருக்கட்டும்.

அந்தப் பொண்ணு அன்னிக்கே நம்பர பிளாக் பண்ணப் போச்சு, இரு, மொதல்ல எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுன்னு நான்தான் நிறுத்தினேன். எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆச்சு.