பழைய லீவர் துப்பாக்கிக்கு எந்த எடைக் குண்டு?

தாத்தா வைத்திருந்த லீவர் ஆக்‌ஷன் ரைபிள் (விசைக்கு அடியில் உள்ள நெம்பை இறக்கி ஏற்றித் தோட்டாவை ஏற்றும் வகை) பேரன் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "இதற்கு எத்தனை கிரெய்ன் குண்டு போடலாம்?" என்பதுதான். கிரெய்ன் என்பது குண்டின் எடையை அளக்கும் சிறிய அலகு. துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். இந்தக் கேள்வியோடு என் பணிமேசைக்கு வராத வேட்டைப் பருவமே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் விலங்கை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள்: மானுக்கு எது, கரடிக்கு எது என்று. நான் விலங்கைப் பற்றிப் பேசும் முன் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுவேன். பழைய துப்பாக்கியில் எடையை முதலில் தீர்மானிப்பது அதன் குழலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினும், அது தாங்கும் அழுத்தமும்தான். விலங்கு அதற்குப் பிறகு.

குழலின் மேல் பொறித்திருப்பதைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். பழைய வின்செஸ்டர் 94-இல் "30 டபிள்யூ.சி.எஃப்." என்று இருந்தால் திகைக்க வேண்டாம், இன்று .30-30 என்று விற்கப்படும் அதே தோட்டாதான் (உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது) அது. ஆனால் அதே மாடல் .32 ஸ்பெஷலிலும் வந்தது. .30-30 தோட்டா .32 ஸ்பெஷலின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்துக்குள்) நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அதன் 0.308 அங்குலக் குண்டு, 0.321 அங்குலக் குண்டுக்காகக் குடைந்த குழலில் புரியை (குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்களை) சரியாகப் பற்றாது. அது எங்கே போய்த் தைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொறிப்பு தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்றால், தெரிந்த ஒருவர் அறையை அளந்து சொல்லும் வரை சுடாதீர்கள்.

இனி எடைக்கு வருவோம். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. .30-30-க்குப் பரவலாகக் கிடைப்பவை 150 கிரெய்ன், 170 கிரெய்ன் குண்டுகள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.3 கிராம். இந்த 1.3 கிராமுக்காக வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடி வருகிறார்கள்.

தொழிற்சாலை அட்டவணைகளைப் பாருங்கள். 150 கிரெய்ன் குண்டு குழல் வாயிலிருந்து விநாடிக்கு 2390 அடி வேகத்தில் கிளம்புகிறது. 170 கிரெய்ன் 2200 அடியில். தொடக்கத்தில் ஆற்றலும் இலகுவான குண்டுக்கே சற்று அதிகம்: 1902 அடி-பவுண்டுக்கு எதிராக 1827. ஆனால் 100 கஜத்தில் நிலைமை மாறிவிடுகிறது. மொட்டை மூக்குக் குண்டு காற்றில் வேகத்தை விரைவாக இழக்கும். இலகுவானது இன்னும் விரைவாக இழக்கும். 200 கஜத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு, அதாவது 1600 அடிக்கு வந்துவிடுகின்றன. அந்தத் தூரத்தில் கனமான குண்டிடம் 989 அடி-பவுண்டு மிச்சம் இருக்கிறது, இலகுவானதிடம் 858. "இலகுவான குண்டு தட்டையாகப் பறக்கும், தூரத்துக்கு அதுதான் நல்லது" என்ற பேச்சு இந்தத் தோட்டாவைப் பொறுத்தவரை பாதி உண்மை மட்டுமே. 100 கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் இரண்டு குண்டுகளும் 200 கஜத்தில் 8, 9 அங்குலம் இறங்கிவிடும். இந்த எண்கள் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தவை; 20 அங்குலக் கார்பைனில் (குட்டைக் குழல் ரைபிளில்) இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆகவே வெள்ளைவால் மானுக்கு இரண்டும் போதும் என்பது என் கருத்து. உடல் பருத்த விலங்கு என்றால், எலும்பைத் தாண்டி உள்ளே இறங்கும் 170-ஐத்தான் நான் சொல்வேன். இரண்டிலும் தூரத்தை 150 கஜத்துக்குள் வைத்துக்கொள்வது, அடிபட்டு ஓடி மறைந்து நாள் கணக்கில் வலியோடு கிடக்கும் விலங்குகளைக் குறைக்கும். எடையைப் பற்றிய எந்த வாதத்தையும்விட எனக்கு இதுதான் முக்கியம்.

.30-30 வைத்திருப்பவர்கள் ஒருவகையில் கொடுத்து வைத்தவர்கள். வின்செஸ்டர் 94-இன் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 150, 170 இரண்டையும் அது நன்றாகச் சுழற்றி நிலைநிறுத்தும். எல்லாப் பழைய ரைபிளும் இப்படி இல்லை. குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதன் நீளம். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும். அதனால்தான் எடை இங்கே கணக்கில் வருகிறது.

சாவேஜ் 99 இதற்கு நல்ல உதாரணம். 1915-இல் .250-3000 தோட்டா வந்தபோது, விநாடிக்கு 3000 அடி என்று விளம்பரப்படுத்துவதற்காக 87 கிரெய்ன் குண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். குழலின் புரியும் அந்தக் குண்டுக்கு ஏற்ப 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பின்னர் 100 கிரெய்ன் குண்டு பிரபலமானது. பழைய குழல்கள் சில அதை ஏற்றுக்கொள்கின்றன, சில ஏற்பதில்லை. 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வந்த ஆரம்பகால .444 மார்லினிலும் 240 கிரெய்ன் குண்டு அழகாகப் போகும். அதைவிட மிக நீளமான குண்டுகளில் தகராறு தொடங்கும். உங்கள் குழல் எந்த ரகம் என்பதைக் காகிதம் சொல்லிவிடும். 50 கஜத்தில் வெள்ளை அட்டையில் சுட்டுத் துளையின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். வட்டமாக, சுற்றிலும் ஒரே அளவு கருவளையத்தோடு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கருவளையம் தடித்து, துளை முட்டை வடிவில் நீண்டிருந்தால் குண்டு ஆடிக்கொண்டே போகிறது. பக்கவாட்டில் படுத்துத் துளைத்த நீளத் துளை தெரிந்தால், அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டு இலகுவான குண்டுக்கு மாறுங்கள்.

ஆனால் எடைமேல் பழிபோடும் முன் குழல் வாயையும் பாருங்கள். வின்செஸ்டர் 94-ஐப் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லை. துடைப்புக் கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் விட வேண்டும். பல பத்தாண்டுகள் அழுக்கான கம்பி உரசிய வாய், கோணலாகத் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு 150-ம் ஒன்றுதான், 170-ம் ஒன்றுதான். எதுவும் நெருங்கி விழாது. வாயைச் சீர்செய்வது சிறிய வேலை. அதற்குப் பிறகு எடையைச் சோதியுங்கள். மார்லின் 336-இல் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் வெளியே வந்துவிடும், பின்பக்கமிருந்தே துடைக்கலாம். அதனாலேயே அவற்றின் வாய் நன்றாக இருப்பதைப் பார்க்கிறேன்.

மூக்கின் வடிவத்தில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை, அதாவது அடி விழுந்தால் மருந்தைப் பற்றவைக்கும் பின்பக்கச் சிறு மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பிலேயே அது பிரைமரைக் குத்தி, மேகசினுக்குள் தோட்டா வெடிக்கக்கூடும். அங்கேதான் உங்கள் இடது கை பிடித்திருக்கிறது. தட்டை மூக்கோ, இத்தகைய மேகசினுக்கென்றே செய்த வட்ட மூக்கோ மட்டும் போடுங்கள். ஹார்னடி நிறுவனம் வளையும் மென்முனை வைத்துச் செய்யும் 160 கிரெய்ன் குண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது. அதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அறையில் ஒன்று, மேகசினில் ஒன்று மட்டும் என்று கூர்மூக்கை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவசரத்தில் மூன்றாவதைத் திணிக்கும் கையை யார் தடுப்பது? நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சுழல் மேகசின் உள்ள சாவேஜ் 99-க்கும், பெட்டி மேகசின் உள்ள வின்செஸ்டர் 1895-க்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

.45-70 வைத்திருப்பவர்கள் எடையைவிட அழுத்தத்துக்கே அஞ்ச வேண்டும். இந்தத் தோட்டா 1873-இல் கருமருந்துக்காக, 405 கிரெய்ன் ஈயக் குண்டோடு பிறந்தது. தரநிலைப்படி இதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு; .30-30-க்கோ 42,000. ஆனால் சந்தையில், புதிய வலுவான துப்பாக்கிகளுக்கென்று இந்த வரம்பைத் தாண்டி நிரப்பிய .45-70 பெட்டிகளும் இருக்கின்றன. எடை ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றல்ல. கருமருந்துக் காலத்துத் துப்பாக்கியில் அதைப் போட்டால் இரும்பு தாங்காது. பெட்டியின் பக்கவாட்டில் எந்தெந்தத் துப்பாக்கிக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை முழுவதும் படியுங்கள். .44-40-இல் வந்த வின்செஸ்டர் 1873-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் மூட்டுப் பூட்டு அமைப்பு, பின்னால் வந்த 1892-இன் பூட்டு அளவுக்கு வலுவானது அல்ல.

இவையெல்லாம் சரியாக இருந்தால், இரண்டு எடையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். இடையிடையே குழல் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். குழலோடு வளையம் போட்டுப் பிணைத்த மேகசின் குழாய், சூடேறினால் துளைகளை இடம் மாற்றிவிடும். எடை மாறினாலும் துளைகள் இடம் மாறும். குறிபார்க்க உதவும் பழைய படிக்கட்டுப் பின்சைட்டில் ஒரு படி ஏற்றினாலே பல அங்குலம் நகர்வதால், நடுவில் நிற்க வேண்டிய அளவு கிடைக்காமல் போகலாம். சைட்டோடு ஒத்துப்போகும் எடையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே எளிய வழி.

ஈயம் தடைசெய்யப்பட்ட இடங்களில் வேட்டையாடுபவர்கள் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே 150 கிரெய்ன் செம்புக் குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது. மெதுவான புரி உள்ள பழைய குழலுக்கு ஒரு படி இலகுவான செம்புக் குண்டிலிருந்து தொடங்குங்கள், அட்டையில் துளை வட்டமாக விழுகிறதா என்று பாருங்கள், லீவரை இயக்கித் தோட்டா தடையில்லாமல் அறைக்குள் ஏறி இறங்குகிறதா என்பதையும் வேட்டைக்குப் போகும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.