ஷ்வா என்னும் குற்றியலகரம்

'கலெக்டர்' என்ற சொல்லை யாரும் 'கொலெக்டோர்' என்று எழுதுவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் அசையிலும் கடைசி அசையிலும் நிற்பது ஓ என்னும் எழுத்து. ஆனால் தமிழ்க் காது அந்த இரண்டு இடங்களிலும் ஓகாரத்தைக் கேட்கவில்லை. மங்கிய ஓர் அகரத்தைக் கேட்டது, கேட்டபடியே எழுதிவைத்தது. நடுவிலுள்ள 'லெ' மட்டும் அழுத்தமும் தெளிவும் பெற்று நின்றது. அதன் இருபுறமும் மங்கி ஒலிக்கிற அந்த உயிரொலிக்கு மொழியியலில் ஷ்வா என்று பெயர்.

நாக்கு மேலே எழாமல், கீழே இறங்காமல், முன்னும் பின்னும் நகராமல் வாயின் நடுவில் கிடக்கிறது. உதடுகள் குவிவதும் இல்லை, விரிவதும் இல்லை. அந்த நிலையில் குரல் மட்டும் சற்றே வெளிப்பட்டால் பிறப்பது ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக ஒலிக்கும் உயிரொலி இதுவே. ஆயினும் ஆங்கில நெடுங்கணக்கில் இதற்கென ஓர் எழுத்து இல்லை. ஐந்து உயிரெழுத்துகளுள் எதன் பின்னாலும் இது ஒளிந்திருக்கும். 'அபவுட்' என்பதன் முதலில் ஏ, 'டேக்கன்' என்பதன் இறுதி அசையில் ஈ, 'பென்சில்' என்பதில் ஐ, 'லெமன்' என்பதில் ஓ, 'சர்க்கஸ்' என்பதில் யூ. எழுத்து ஐந்து, ஒலி ஒன்று. மாணவர்கள் தடுமாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இனி, பெயர் வந்த வழி. ஷ்வா ஆங்கிலச் சொல் அன்று. எபிரேய மொழியின் எழுத்து மரபிலிருந்து வந்தது. எபிரேய எழுத்துமுறை அடிப்படையில் மெய்களையே எழுதும். உயிரொலிகளைப் படிப்பவர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேதநூலின் வாசிப்பு காலப்போக்கில் திரிந்துவிடக்கூடாது என்று கருதிய மசோரெட்டுகள் என்னும் அறிஞர்கள், கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா நகரில், ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், எழுத்துகளின் மேலும் கீழும் இடும் குறியீடுகளை வகுத்தார்கள். அவற்றுள் ஒன்று, எழுத்தின் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இடப்படும் இரண்டு புள்ளிகள். அந்தக் குறிக்குத்தான் ஷ்வா என்று பெயர். வெறுமை, ஒன்றுமில்லாமை என்று பொருள்படும் எபிரேயச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். 'சமம்' என்ற பொருளுடைய வேரிலிருந்து சிரியாக் மொழி வழியாக வந்தது என்போரும் உண்டு.

அந்தக் குறிக்கு இரண்டு வேலைகள். சில இடங்களில் 'இந்த மெய்யோடு உயிர் இல்லை' என்று காட்டும். அதை ஓய்ந்த ஷ்வா என்பார்கள். வேறு சில இடங்களில் 'இங்கே மிகக் குறுகிய உயிரொலி ஒன்று உண்டு' என்று காட்டும். அது இயங்கும் ஷ்வா. இன்மைக்கும் குறைவுக்கும் ஒரே குறி. இன்றைய இஸ்ரேலில் பேசப்படும் எபிரேயத்தில் இயங்கும் ஷ்வா எகரம்போல ஒலிக்கிறது, அல்லது ஒலிக்காமலே போகிறது. அதாவது, பெயர் பிறந்த மொழியிலேயே அந்தப் பெயர் இன்று நாம் சொல்லும் ஒலியைக் குறிப்பதில்லை.

எபிரேய இலக்கணம் கற்ற ஜெர்மானிய மொழியறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இப்பெயரைப் பொது ஒலியியலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் மொழியிலும் சொல்லிறுதி எகரம் மங்கியே ஒலிப்பதால் அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பவேரியக் கிளைமொழிகளுக்கு 1821இல் இலக்கணம் எழுதிய ஜொஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்மெல்லர், அந்த ஒலியைக் காட்ட ஈ என்னும் சிற்றெழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார். பாரிசில் 1886இல் தொடங்கப்பட்ட அனைத்துலக ஒலியியல் கழகத்தின் எழுத்துமுறையிலும் அந்தக் குறியே இடம்பெற்றது. இன்று ஆங்கில அகராதிகளின் உச்சரிப்புப் பகுதியில் தலைகீழாக நிற்கும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். மாணவர்களுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டிய ஒலிக்குறியும் அதுதான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எபிரேயப் புள்ளிகளின் கதையில் ஒன்று உறைத்திருக்கும். தொல்காப்பியம் 'மெய்யீறெல்லாம் புள்ளியொடு நிலையல்' என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே 'குற்றியலுகரமும் அற்றென மொழிப' என்கிறது. மெய்யைப் போலவே குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். உயிரே இல்லாத மெய்க்கும், அரை மாத்திரையாகக் குறுகிய உயிருக்கும் ஒரே புள்ளி! மலையாளத்தில் இது இன்றும் கண்முன் இருக்கிறது. மெய்யைக் காட்டும் சந்திரக்கலைக் குறியையே 'சம்விருதோகாரம்' எனப்படும் குறுகிய உகரத்துக்கும் இடுகிறார்கள். நம் 'அது' அங்கே 'அத்' என்பதுபோல் எழுதப்பட்டு, ஷ்வாவுக்கு மிக நெருங்கிய ஒலியோடு முடிகிறது. திபேரியாவுக்கும் தமிழகத்துக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்ததாக நான் சொல்லவரவில்லை. ஒலியைக் கூர்ந்து கேட்ட இரண்டு மரபுகள், உயிர் தேய்ந்து இன்மையின் விளிம்புக்கு வரும் இடத்தைத் தனித்தனியே கண்டுகொண்டன என்பதே வியப்பு.

வடமொழி இலக்கணமும் இதில் காது கொடுத்திருக்கிறது. பாணினியின் அஷ்டாத்தியாயியில் கடைசி நூற்பா 'அ அ' என்பது மட்டுமே. விதிகளின் வசதிக்காக இதுவரை திறந்த ஒலியாகக் கொண்ட குற்றகரம், வழக்கில் மூடிய ஒலியே என்று அது சொல்கிறது. இந்தி எழுத்துகளில் உள்ளுறையும் அகரத்தை இன்றைய ஒலியியலாளர்கள் ஷ்வா என்றே குறிப்பதற்கும் அந்த மூடிய தன்மைதான் காரணம்.

அப்படியானால் ஷ்வாவுக்குத் தமிழில் என்ன சொல்வது? 'நடு உயிர்', 'மைய உயிர்' என்று சொல்லலாம். நாக்கின் இடத்தை அவை சரியாகவே காட்டுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் 'நர்ஸ்' என்ற சொல்லிலுள்ள அழுத்தமான நெட்டொலியும் வாயின் நடுவிலேயே பிறக்கிறது. ஆகவே அவை ஓர் இனத்தின் பெயர்களே தவிர இந்த ஓர் ஒலியின் பெயர் ஆகா. 'குற்றுயிர்' என்றால் இலக்கணத்தில் அ, இ, உ, எ, ஒ ஆகிய ஐந்தையும் குறிக்கும். வழக்கிலோ சாகும் தறுவாயைக் குறிக்கும். அது வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது 'குற்றியலகரம்'. குறுமை, இயல், அகரம் என்று பிரியும். குற்றியலுகரம், குற்றியலிகரம் என்ற சொற்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. அச்சு ஒன்றாக இருப்பதற்காக மட்டும் நான் இதை விரும்பவில்லை. தொல்காப்பியம் குற்றியலுகரத்தைச் சார்பெழுத்து என்கிறது. தானாக நில்லாமல், நிற்கும் இடத்தைச் சார்ந்து தோன்றுவது அது. 'நடு' என்பதில் முழு உகரம். 'நாடு' என்பதில் அதே உகரம் குறுகிவிடுகிறது, உதடும் குவிவதில்லை. எழுத்து மாறவில்லை, இடம் மாறியது, ஒலி குறைந்தது. ஷ்வாவின் இயல்பும் இதேதான். அழுத்தம் விழாத அசை என்ற இடத்தைச் சார்ந்தே அது தோன்றுகிறது. குற்றியலுகரமும் ஷ்வாவும் ஒரே ஒலி என்று எண்ணிவிடக்கூடாது; குற்றியலுகரத்தில் நாக்கு இன்னும் மேலே, பின்னே நிற்கிறது. ஒத்திருப்பது ஒலியன்று, சார்ந்து குறுகும் தன்மை.

ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்தால் மட்டும் எழுதப்படாத ஒலியை அகரம் என்று அழைக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்குத் தமிழ் அச்சே விடை சொல்கிறது. டாலர், டீச்சர், டாக்டர் ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று வேறு உயிரெழுத்துகளோடு முடிகின்றன. தமிழில் மூன்றும் 'அர்' என்றே முடிகின்றன. பிராப்ளம், சிஸ்டம், ஆல்பம், காட்டன், கர்ட்டன், ஸ்டேஷன் எல்லாவற்றிலும் கடைசி அசையில் நாம் எழுதுவது அகரம். கண்டக்டர், கமிட்டி, கம்ப்யூட்டர் ஆகியவற்றில் முதல் ஓவும் அகரமாகிவிட்டது. இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் காதால் கேட்டு எழுதினார்கள். 'போலீஸ்', 'பெட்ரோல்' போன்றவை கண்ணால் படித்து எழுதப்பட்டவை. அவற்றில் ஓகாரம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலேயர் நாவில் இந்த இரண்டு ஓகாரங்களும் ஷ்வாதான்.

வகுப்பறையில் இந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். தமிழ் மாணவருக்கு ஷ்வா புதிய ஒலி அன்று. அவர் நாள்தோறும் எழுதிவருவது. கரும்பலகையில் டாலர், டீச்சர், டாக்டர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, 'கடைசி உயிரெழுத்தைப் பாருங்கள்' என்றால் போதும், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதன்பின் ஷ்வாவை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கற்பிக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் பல வகுப்புகளில் நிகழும் தவறு. ஷ்வாவைத் தனி ஒலியாக எடுத்து, 'அ, அ' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் மாணவர்கள் அதை அழுத்திச் சொல்வார்கள். அழுத்திய கணமே அது ஷ்வா அல்ல. 'அந்த எழுத்தை விழுங்கிவிடு' என்று சொல்லிக்கொடுப்பதும் கேடுதான். விழுங்கச் சொன்னால் அசையே மறைந்துவிடும். ஷ்வா குறுகினாலும் அது ஓர் அசை; தாளத்தில் அதற்கு இடம் உண்டு.

தமிழில் உயிரின் அளவே பொருளை வேறுபடுத்துகிறது: கல், கால்; படு, பாடு. ஆகவே ஒவ்வோர் உயிருக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்துவிடுவது நம் நாவின் ஒழுக்கம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மற்ற அசைகளின் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. இதைக் காட்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, புகைப்படத்தைக் குறிக்கும் சொற்குடும்பம். 'ஃபோட்டகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். அங்கே 'ஃபோ' முழுமையாக ஒலிக்கும், அடுத்த அசை மங்கும். 'ஃபட்டாக்ரஃபி' என்று ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது; முன்பு முழங்கிய 'ஃபோ' மங்குகிறது, மங்கியிருந்த அசை திறந்துகொள்கிறது. 'ஃபோட்டக்ராஃபிக்' என்றால் அழுத்தம் மேலும் ஓர் அசை நகரும். மேசையில் அழுத்தமான அசைக்கு ஓங்கி ஒரு தட்டு, மற்றவற்றுக்கு விரல் நுனியால் ஒரு தொடுகை என்று தாளம் போடச் செய்தால், ஷ்வாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே அது மாணவர் வாயில் வந்து அமரும். 'பனானா' என்ற சொல்லும் நல்லது: மூன்று அசைகளிலும் ஒரே எழுத்து, நடுவில் மட்டும் முழு ஒலி.

சொற்களிலிருந்து தொடர்களுக்குப் போனால் ஷ்வாவின் ஆட்சி இன்னும் பெரிது. ஆங்கிலத்தின் சிறு சொற்கள் பலவும், அதாவது ஆஃப், ஃபார், ஃப்ரம், டு, அண்டு, கேன், வாஸ் போன்றவை, தொடரின் நடுவில் ஷ்வா பெற்றே ஒலிக்கின்றன. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'கேன்' என்பது 'கன்' என்று சுருங்கிவிடும். 'தெரியாது' என்னும்போதுதான் அந்த உயிர் முழுமை பெறும். நம் மாணவர் உடன்பாட்டிலும் 'கேன்' என்று முழுமையாக அழுத்திச் சொன்னால், கேட்பவர் எதிர்மறை என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. உச்சரிப்பு அழகுக்காக மட்டும் ஷ்வாவைக் கற்பிக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

ஆனால் எல்லா மாணவரும் லண்டன்காரரைப்போலப் பேசவேண்டும் என்று நான் கருதவில்லை. இந்திய ஆங்கிலத்தில் உயிர்கள் பெரும்பாலும் முழுமையாகவே ஒலிக்கின்றன. அதைக் குறை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூச வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பேசுவதற்கு முன்பாகக் கேட்பதற்கே ஷ்வா வேண்டும். 'அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள், புரியவில்லை' என்று மாணவர்கள் சொல்வதில் பாதி, வேகத்தைப் பற்றிய குறை அன்று. எழுத்தில் பார்த்த உயிர் காதில் விழவில்லை என்பதே அதன் பொருள். எங்கே உயிர் மங்கும் என்று தெரிந்த காது அதைத் தேடி ஏமாறாது.

எழுத்துப்பிழையிலும் இதன் கை உண்டு. இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்', நாட்காட்டியைக் குறிக்கும் 'காலண்டர்' ஆகியவற்றின் இறுதியில் ஏ எழுதுவதா, ஈ எழுதுவதா என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறுகிறார்கள். பிழை வரும் இடம் சரியாக ஷ்வா நிற்கும் இடம். காது அங்கே எந்த உதவியும் செய்யாது. இதற்கு மருந்து அழுத்தம் நகரும் உறவுச்சொல். 'கிரமேட்டிக்கல்' என்று சொல்லிப் பார்த்தால் மங்கியிருந்த எழுத்து ஏ என்று வெளிப்பட்டுவிடும். எல்லாச் சொல்லுக்கும் இப்படி உறவு கிடைக்காது. கிடைக்கும் இடங்களில் மனப்பாடத்தைவிட இது உறுதியானது.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் அழுத்தமில்லா அசைகளில் ஷ்வா மட்டும் வருவதில்லை. மங்கிய இகரம் ஒன்றும் வருகிறது. 'டிக்கெட்' என்பதன் இரண்டாம் அசையில் பிரித்தானிய உச்சரிப்பில் ஒலிப்பது அதுவே. 'ரோஜாக்கள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும், 'ரோசாவினுடைய' என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்துச் சொல்லும் ஆங்கில வடிவத்தையும் அடுத்தடுத்துச் சொல்லச் செய்தால், முன்னதில் இகரச் சாயலும் பின்னதில் ஷ்வாவும் பலர் பேச்சில் தனித்துக் கேட்கும். அந்த இகரத்தைக் குற்றியலிகரம் என்று அழைக்க ஆசை வரும். அழைக்கக்கூடாது. 'நாடு', 'யாது' சேர்ந்து 'நாடியாது' ஆகும்போது யகரத்தின் முன் தோன்றும் இகரத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உரியது. குற்றியலகரத்துக்குத் தமிழில் அப்படி முன்னுரிமை கோருவது எதுவும் இல்லை. எனவே அதை ஷ்வாவுக்குத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். மங்கிய இகரத்தை இப்போதைக்கு 'அழுத்தமில்லா இகரம்' என்றே சொல்வோம்.