டிஸ்இன்ஃபர்மேஷன்: பிழைத்தகவலா, பொய்த்தகவலா?

தமிழ்ச் செய்திகளில் 'தவறான தகவல்' என்ற ஒரே தொடர் இரண்டு வேலை பார்க்கிறது. அவசரத்தில் எண்ணை மாற்றி எழுதிய நிருபரின் பிழையையும் அப்படித்தான் சொல்கிறோம். ஓர் உளவுத்துறை மாதக்கணக்கில் திட்டம் போட்டுத் தயாரித்த பொய்யையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது மிஸ்இன்ஃபர்மேஷன், பின்னது டிஸ்இன்ஃபர்மேஷன். ரஷ்யா ஈடுபட்ட போர்களைப் பற்றிய செய்திகள் தமிழுக்கு வரும்போது இந்த வேறுபாடு வழியிலேயே தொலைந்துவிடுகிறது. தவறியவர் யார், ஏமாற்றியவர் யார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

சொல் எங்கிருந்து வந்தது

ரஷ்ய மொழியில் 'தெஸின்ஃபர்மாத்ஸியா'. பேச்சில் சுருக்கி 'தேஸா' என்பார்கள். 'இன்ஃபர்மாத்ஸியா' என்றால் தகவல்; முன்னால் நிற்கும் 'தெஸ்' பிரெஞ்சு முன்னொட்டு. ஒன்றை நீக்குவதையும் தலைகீழாக்குவதையும் அது குறிக்கும். ஆக, வேர்ப்பொருள் 'தவறாகச் சொல்வது' இல்லை. ஒருவருக்கு இருக்கும் தெளிவைக் கலைப்பதுதான் அந்தச் சொல் குறிக்கும் செயல்.

இச்சொல் பிறந்த கதையிலேயே இரண்டு தரப்பு உண்டு. 1952இல் வெளிவந்த பெரிய சோவியத் கலைக்களஞ்சியம் இதற்குக் கொடுத்த விளக்கம்: மக்களின் கருத்தைத் தவறான வழியில் திருப்பும் நோக்கத்துடன் பத்திரிகை, வானொலி முதலியவற்றில் பொய்ச் செய்திகளைப் பரப்புவது. அதைச் செய்பவை முதலாளித்துவ நாடுகளின் ஊடகங்கள் என்றும் அது எழுதியது. 1978இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற ருமேனிய உளவு அதிகாரி இயோன் மிஹாய் பசேபா சொன்னது வேறு. மேற்கிலிருந்து வந்த சொல் போலத் தோன்றவேண்டும் என்பதற்காகவே ஸ்டாலின் பிரெஞ்சு ஓசையுடன் இதை அமைத்தார் என்றார் அவர். அது ஒருவரின் கூற்று மட்டுமே. ஆவணத்தில் இருப்பது இது: 1923 ஜனவரியில், யுசெஃப் உன்ஷ்லிக்ட் என்ற அதிகாரியின் முன்மொழிவின்படி, சோவியத் ரகசியக் காவல்துறைக்குள் இதற்கென்றே ஓர் அலுவலகம் அமைக்க ஒப்புதல் தரப்பட்டது. 1959இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் வெளிநாட்டுப் பிரிவில் இதற்குத் தனித்துறை வந்தது. சொல்லைப் பெற்றெடுத்தவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கலாம். அதை அலுவலகப் பலகையில் எழுதியவர் யார் என்பதில் இல்லை.

அந்தத் துறையின் வேலை எப்படி நடந்தது என்பதற்கு டெல்லியிலேயே சான்று உண்டு. 1983 ஜூலையில் அங்கிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' நாளிதழ் பெயரில்லாத ஒரு கடிதத்தை அச்சிட்டது. எழுதியவர் ஓர் அமெரிக்க அறிவியலாளர் என்றும், எய்ட்ஸ் கிருமி அமெரிக்க ராணுவ ஆய்வுகளில் உருவானது என்றும் அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சத்தமில்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லித்தெராத்தூர்னயா கஸேத்தா' அதே கதையை வெளியிட்டது. ஆதாரமாகக் காட்டியது டெல்லி நாளிதழை. சோவியத் இதழ் சொன்னால் நம்பத் தயங்குபவர், 'இந்தியப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது' என்றால் சற்றுத் தயக்கம் விடுவார் அல்லவா? கணக்கு அதுதான். பிறகு கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையும் சேர்ந்துகொள்ள, கதை உலகின் பல மொழிகளில் ஓடியது. 1985 செப்டம்பரில் கேஜிபி பல்கேரிய உளவுத்துறைக்கு அனுப்பிய குறிப்பில், இந்த நோக்கத்துடன் தொடர் நடவடிக்கை நடப்பதாக எழுதியிருக்கிறது. 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவராக இருந்த யெவ்கேனி ப்ரிமக்கோவும் இதை ஏற்றுக்கொண்டார். நோக்கம் இப்படி ஆவணத்தில் கிடைத்தபிறகு, இதைத் 'தவறான தகவல்' என்று எழுதுவது அநியாயம்.

தமிழில் எது பொருந்தும்

பல சொற்கள் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் வேறு ஒன்றைக் குறிக்கிறது.

வதந்தியும் புரளியும் ஊர்ப் பேச்சு. யார் கிளப்பியது என்பது அதில் தெரியாது, பெரும்பாலும் யாரும் தேடுவதும் இல்லை. பரப்புரை வேறு, அதன் ஆங்கிலச் சொல் 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி மதம் பரப்ப அமைத்த சபையின் பெயரிலிருந்து வந்தது. முழுக்க உண்மையை மட்டும் சொல்லியும் பரப்புரை செய்யலாம். 'போலிச்செய்தி' என்பதைப் பலரும் எல்லாப் பொய்க்கும் போடுகிறார்கள். போலி என்றால் ஒன்றைப் போல இருப்பது. 2022 செப்டம்பரில் அம்பலமான 'டாப்பல்கேங்கர்' என்ற ரஷ்ய ஆதரவு இணைய வேலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்', 'பில்ட்', பிரிட்டனின் 'கார்டியன்' ஆகியவற்றின் இணையப் பக்கங்களை எழுத்துரு, நிறம், நிருபர் பெயர் வரை அப்படியே நகலெடுத்து, உக்ரைனுக்கு எதிரான கட்டுரைகளை அவற்றில் வைத்திருந்தார்கள். இணைய முகவரியின் கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. பக்கத்தின் மற்ற இணைப்புகளைத் தட்டினால் உண்மையான தளத்துக்கே போகும். அது போலி. எய்ட்ஸ் கதையோ உண்மையான நாளிதழில் அச்சானது. அது போலி அல்ல, பொய்.

'திரிபு' பலருக்குப் பிடித்த சொல். ஆனால் அதற்குள் செய்பவன் இல்லை. பால் திரிந்தது என்கிறோம். அது தானாகத் திரிந்தது. திரிதல் தன்வினை, அதன் பெயர் திரிபு. திரித்தல் பிறவினை, அதன் பெயர் திரிப்பு. அழிவுக்கும் அழிப்புக்கும் உள்ள அதே வேறுபாடு. ஊர் அழிவு வெள்ளத்தால் வரலாம், ஊர் அழிப்பு என்றால் அழித்தவன் ஒருவன் உண்டு. எனவே உண்மையை வெட்டி ஒட்டி வேறு பொருள் வரச் செய்ததைச் 'செய்தித் திரிப்பு' என்று பகர ஒற்று இரட்டித்து எழுதவேண்டும்.

டிஸ்இன்ஃபர்மேஷன் முழுவதற்கும் நாங்கள் பரிந்துரைப்பது 'பொய்த்தகவல்'. மிஸ்இன்ஃபர்மேஷனுக்குப் 'பிழைத்தகவல்'. காரணம் தமிழ்க் கூட்டுச்சொற்களிலேயே இருக்கிறது. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை, கணக்குப்பிழை: இவற்றை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பொய்ச்சாட்சி, பொய்வழக்கு, பொய்க்கணக்கு: இவற்றை யாரும் மறதியில் செய்வதில்லை. கணக்குப்பிழைக்கும் பொய்க்கணக்குக்கும் உள்ள தூரம் மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு முன்னொட்டை வைத்துக் கஷ்டப்பட்டுக் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் இரண்டு பழகிய சொற்களில் வைத்திருக்கிறது.

ஒரு நிபந்தனை. 'பொய்' என்று எழுதினால் நோக்கத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நோக்கத்துக்குச் சான்று கிடைக்கும்வரை 'பிழை' என்றோ, வெறுமனே 'கூற்று' என்றோ எழுதுவதே முறை. எந்தத் தரப்பு சொன்னது என்பதை வைத்து இந்தச் சொற்களைப் பிரிக்கக்கூடாது.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் எம்.எச்.17 கிழக்கு உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்டது. இறந்தவர்கள் 298 பேர். நான்கு நாள் கழித்து ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், உக்ரைனின் சூ-25 போர் விமானம் ஒன்று பயணிகள் விமானத்தை நெருங்கியதாக ரேடார் படத்துடன் சொன்னது. நவம்பர் 14 அன்று ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான முதல் சேனல் ஒரு 'செயற்கைக்கோள் படத்தை' ஒளிபரப்பியது. போர் விமானம் ஏவுகணையை விடுகிறது, எதிரே போயிங்.

அந்தப் படத்தைச் சோதிக்க அரசியல் அறிவு தேவைப்படவில்லை. தரையையும் விமானத்தையும் ஒரே அளவுகோலில் வைத்தால், படத்தில் இருக்கும் விமானம் சில கிலோமீட்டர் நீளம் இருக்கவேண்டும். போயிங் 777இன் நீளம் 64 மீட்டர்தான். மேகங்களின் வடிவம், கூகுள் எர்த்தில் 2012 ஆகஸ்ட் 28 என்று தேதியிட்ட படத்தோடு ஒத்துப்போனது. இரண்டாண்டுக்கு முந்தைய மேகங்கள் 2014இல் அதே இடத்தில் அதே வடிவில் நிற்க முடியாது. யாரோ பழைய படத்தின் மேல் விமானங்களை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவது தற்செயலாக நடக்காது. ஆகவே படத்தைத் தயாரித்தவரைப் பொறுத்தவரை இது பொய்த்தகவல். அதை நம்பிப் பகிர்ந்த பார்வையாளரைப் பொறுத்தவரை பிழைத்தகவல். ஒரே படம், கை மாறும்போது பெயர் மாறுகிறது.

அடுத்துப் பார்க்கவேண்டியது, ஒரு தரப்பின் பழைய கூற்றும் புதிய கூற்றும் ஒன்றாக நிற்க முடியுமா என்பது. 2015 ஜூனில் பூக் என்ற வான் பாதுகாப்பு ஏவுகணையைத் தயாரிக்கும் ரஷ்ய அரசு நிறுவனமான அல்மாஸ்-அந்தேய், விமானத்தை வீழ்த்தியது பூக் ஏவுகணைதான் என்றது. ஏவிய இடம் மட்டும் வேறு என்றது. தரையிலிருந்து ஏவப்படும் பூக் என்றால் போர் விமானக் கதை அத்தோடு முடிந்தது. முடித்து வைத்தது மேற்கத்திய ஊடகம் அல்ல, ரஷ்ய நிறுவனமே. தன் தரப்பின் முந்தைய பேச்சுக்கு எதிராக ஒருவர் சொல்வதற்கு எடை அதிகம். 2018 செப்டம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், அந்த ஏவுகணை 1986இல் உக்ரைனுக்கு அனுப்பப்பட்டது என்று வரிசை எண்ணைக் காட்டியது. 2022 நவம்பர் 17 அன்று நெதர்லாந்து நீதிமன்றம், விமானத்தை வீழ்த்திய வழக்கில் மூவருக்கு, அவர்கள் நேரில் இல்லாமலே, ஆயுள் தண்டனை விதித்தது. நான்காமவரை விடுவித்ததும் அதே தீர்ப்புதான்.

மற்றத் தரப்பும் இதே தராசில்தான்

2022 பிப்ரவரி 24 அன்று கருங்கடலில் உள்ள உக்ரைனின் பாம்புத் தீவில் நின்ற 13 எல்லைக் காவலர்களும் வீரமரணம் அடைந்தனர் என்று உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தார். அவர்கள் சரணடைந்தார்கள், உயிரோடு இருக்கிறார்கள் என்றது ரஷ்யா. நான்கு நாளில் உக்ரைன் கடற்படையே அவர்கள் உயிரோடு சிறைப்பட்டிருப்பதை உறுதி செய்தது. தீவுடன் தொடர்பு அறுந்திருந்தது; இது பிழைத்தகவல். 'கீவின் பேய்' என்ற ஒற்றை விமானி பல ரஷ்ய விமானங்களை வீழ்த்திய கதையோடு ஓடிய காட்சி ஒரு கணினி விளையாட்டிலிருந்து வந்தது. அந்த விமானி மக்கள் உருவாக்கிய வீரக்கதை என்று உக்ரைன் விமானப்படையே 2022 ஏப்ரல் இறுதியில் சொல்லிவிட்டது.

2022 நவம்பர் 15 அன்று போலந்தின் ப்ஷெவோதூவ் கிராமத்தில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தனர். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் புகுந்தன என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்தது. ஆதாரம் பெயர் சொல்லாத ஒரே ஓர் அமெரிக்க அதிகாரி. மறுநாளே செய்தி திரும்பப் பெறப்பட்டது. விழுந்தது உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கலாம் என்று போலந்தும் நேட்டோவும் கூறின. இங்கே கவனிக்கவேண்டியது எண்ணிக்கை. அந்த ஒரு வரியை நூறு நாளிதழ்கள் எடுத்து வெளியிட்டிருந்தாலும் ஆதாரம் ஒன்றுதான். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் மூன்று ஒற்றர்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும், மூவர் சொல்லும் ஒத்தால்தான் நம்பலாம் என்கிறார். அந்த 'அறியாதபடி' என்ற பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். ஐந்து இதழ்களில் ஒரே செய்தி வந்தால், ஒவ்வொன்றும் அடியில் எந்த முகமையைக் குறிப்பிடுகிறது என்று பாருங்கள்.

கீவ் அருகே பொதுமக்களின் உடல்கள் தெருவில் கிடந்த புச்சா நகரில் ஆதாரங்கள் உண்மையிலேயே தனித்தனியாக வந்தன. ரஷ்யப் படை 2022 மார்ச் 30 அன்று வெளியேறியது, உடல்கள் அதன்பிறகே வைக்கப்பட்டன என்றது ரஷ்ய அமைச்சகம். ஏப்ரல் தொடக்கத்தில் தரையில் எடுத்த வீடியோவில் யாப்லுன்ஸ்கா தெருவில் உடல்கள் கிடந்த அதே இடங்களில், படை அங்கே இருந்த மார்ச் நடுப்பகுதியில் மேக்ஸார் செயற்கைக்கோள் எடுத்த படத்திலும் அவை தெரிகின்றன. வீடியோ எடுத்தவருக்கும் செயற்கைக்கோளுக்கும் தொடர்பு இல்லை. தேதிதான் இங்கே சாட்சி.

2008 ஜார்ஜியப் போர் இன்னொரு வகை. ஜார்ஜியாவிலிருந்து பிரிய முயன்ற தெற்கு ஒசெட்டியாவில் சுமார் 2,000 பேர் இறந்தனர் என்று முதல் நாட்களில் ரஷ்யத் தரப்பு சொன்னது. பின்னர் ரஷ்யப் புலனாய்வுக் குழுவே உறுதி செய்த பொதுமக்கள் எண்ணிக்கை 162. ஐரோப்பிய ஒன்றியம் நியமித்த தாலியாவினி குழு 2009 செப்டம்பரில் தந்த அறிக்கை, ஆகஸ்ட் 7 இரவு அதன் தலைநகர் ட்ஸ்கின்வாலி மீது ஜார்ஜியா நடத்திய தாக்குதலுக்குச் சட்ட நியாயம் இல்லை என்றது. ரஷ்யாவின் பதிலடி தற்காப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் எடுத்தவரும், இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தவரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. செய்தித் திரிப்பு என்பது இதுதான்.

மொழிபெயர்ப்பில் கவனிக்க

ரஷ்ய ஊடகத்தில் 'போர்' என்ற சொல் இல்லையே என்று வியக்கவேண்டாம். 2022 பிப்ரவரி 26 அன்று ஊடகக் கண்காணிப்பு அமைப்பு போர், படையெடுப்பு ஆகிய சொற்களைத் தடுத்தது. மார்ச் 4 அன்று வந்த சட்டம், படையைப் பற்றிய 'பொய்த்தகவலுக்கு' 15 ஆண்டு வரை சிறை வைத்தது. எனவே அங்கே 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்பதை அந்த நிருபரின் கருத்தாகக் கொள்ள முடியாது. அது சட்டத்தின் சொல். தமிழில் அதை மேற்கோள் குறிக்குள், யாருடைய சொல் என்று சொல்லியே எழுதவேண்டும். சில நாள் முன்பே, மார்ச் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் ஒளிபரப்புகளை நிறுத்தியது. அதனால் ஐரோப்பிய இதழ்களில் ரஷ்யத் தரப்பு பெரும்பாலும் மேற்கோளாகவே வரும். முழு அறிக்கையைத் தேடிப் படிப்பது நல்லது.

நம் வினைச்சொற்களும் தீர்ப்பு எழுதும். 'ஒப்புக்கொண்டது' என்றால் குற்றம் உண்மை என்று ஏற்றுவிட்டோம். 'அம்பலப்படுத்தியது' அப்படியே. 'கூறப்படுகிறது' இன்னும் மோசம், கூறியவரையே அழித்துவிடுகிறது. தமிழுக்கு 'வந்ததாம்', 'இறந்தார்களாம்' என்று கேள்விச் செய்தியைக் காட்ட ஓர் 'ஆம்' உண்டு. செய்தி நடையில் அது எழுதப்படுவதில்லை. அதன் இடத்தில் பெயரும் தேதியும் வந்தே ஆகவேண்டும். '13 காவலர்களும் இறந்ததாகக் கூறப்படுகிறது' என்பதற்குப் பதில், '13 காவலர்களும் இறந்தனர் என்று ஸெலென்ஸ்கி பிப்ரவரி 24 அன்று கூறினார். சரணடைந்தனர் என்கிறது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். தீவுடன் தொடர்பு இல்லை' என்று எழுதியிருந்தால், நான்கு நாள் கழித்து அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லையும் மாற்றவேண்டி இருந்திருக்காது.