உறையும் இல்லை, புரதமும் இல்லை: வைராய்டு எவ்வாறு பெருகுகிறது?

தொற்றுநோயை உண்டாக்கும் பொருள் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு உயிரியலாளர்கள் நெடுங்காலம் வைரஸையே விடையாகச் சொல்லி வந்தார்கள். வைரஸுக்குச் செல் கிடையாது, தனக்கென்று வளர்சிதை மாற்றமும் கிடையாது. டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏவால் ஆன மரபுப்பொருளும் அதைப் போர்த்தியிருக்கும் புரத உறையுமே பெரும்பாலும் அதன் உடல். 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரஸைப் படிகமாக்கிக் காட்டியபோது, குப்பியில் அடைத்து வைக்கக்கூடிய ஒரு பொருள் இலையில் தேய்த்ததும் மீண்டும் பெருகுகிறது என்பது பெரும் வியப்பை ஏற்படுத்தியது. அந்த வைரஸில்கூடச் சுமார் 2,130 புரத மூலக்கூறுகள் சேர்ந்த உறையும், அதற்குள் ஏறத்தாழ 6,400 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ இழையும் இருக்கின்றன. எழுத்து என்று இங்கே சொல்வது, ஆர்என்ஏ இழையின் ஓர் அலகான நியூக்ளியோடைடை. வைரஸைவிடவும் சிறிய தொற்றுப்பொருள் வைராய்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் அதன் வகை ஒன்றில் இருப்பவை வெறும் 359 எழுத்துகள்தாம். உறை என்று எதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் பணியாற்றிய தியோடர் டீனர். உருளைக்கிழங்கு உருண்டையாகத் திரளாமல், நீண்டு, இரு முனைகளும் கூம்பிப்போகும் நோய் ஒன்றுக்கு அவர் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நோயுற்ற செடியின் சாற்றை அதிவேக மையவிலக்கியில் சுழற்றினால் வைரஸ் துகள்கள் அடியில் படிந்துவிட வேண்டும். ஆனால் நோயை உண்டாக்கும் திறன் மேலே தெளிந்த நீரிலேயே தங்கியிருந்தது. புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோதும், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோதும் அத்திறன் குறையவில்லை. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் முற்றிலும் அழிந்தது. ஆகவே செடியை நோயுறச் செய்வது உறையற்ற, மிகச் சிறிய ஆர்என்ஏ மட்டுமே என்று முடிவு செய்த டீனர், 1971இல் அதற்கு வைராய்டு என்று பெயரிட்டார். இவ்வளவு சிறிய ஆர்என்ஏ தானாகப் பெருக முடியும் என்பதைப் பலர் எளிதில் ஏற்கவில்லை. 1978இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிராஸும் அவருடைய குழுவினரும் அந்த 359 எழுத்துகளையும் முழு வரிசையாகப் படித்து வெளியிட்டார்கள்.

அந்த வரிசையில் புரதம் செய்வதற்கான குறிப்பு எதுவும் இல்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி. ஏறத்தாழ எந்த வைரஸை எடுத்துக்கொண்டாலும், தன் உறைக்கோ தன்னைப் படியெடுக்கும் நொதிக்கோ உரிய குறிப்பை அது சுமந்து செல்லும். வைராய்டு எதையும் சுமப்பதில்லை. அதன் இழை இரு முனைகளும் இணைந்த ஒரு வளையம். அந்த வளையம் தன்மேல் தானே மடிந்து, எழுத்துக்கு எழுத்து பொருந்தி, ஒரு குட்டையான கோலாக உருக்கொள்கிறது. வைராய்டு செல்லுக்குள் சாதிப்பது எல்லாம் இந்த மடிப்பின் வழியாகவே நடக்கிறது.

செடியின் செல்லில் உட்கருவுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி இருக்கிறது. டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ படியெடுப்பதே அதன் வேலை. வைராய்டின் கோல் வடிவத்தில் சிக்கிய இந்த நொதி, டிஎன்ஏவுக்குப் பதிலாக ஆர்என்ஏ வளையத்தையே மூலமாகக் கொண்டு படியெடுக்கத் தொடங்குகிறது. வளையத்துக்கு முடிவு இல்லாததால், செக்குமாட்டைப் போல அது சுற்றிச் சுற்றி வர, எதிர்ப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட இழை உருவாகிறது. அந்த இழையிலிருந்து மறுபடியும் படியெடுக்கும்போது மூல வரிசை திரும்பக் கிடைக்கிறது. பிறகு செடியின் இன்னொரு நொதி அதைச் சரியான நீளத்தில் துண்டு துண்டாக வெட்டுகிறது. வழக்கமாக டிஎன்ஏவின் அறுந்த முனைகளை ஒட்டும் மற்றொரு நொதி, அத்துண்டுகளைப் புதிய வளையங்களாக ஒட்டிவிடுகிறது. படியெடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது ஆகிய மூன்றையும் செய்பவை செடியின் சொந்த நொதிகளே. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் பெருகும் அவகாடோ வைராய்டு இன்னும் ஒருபடி மேலே சென்று, வெட்டும் வேலைக்கு நொதியைக்கூட நாடாமல், தன் ஆர்என்ஏ மடிப்பைக் கொண்டே தன்னை வெட்டிக்கொள்கிறது.

புரதமே செய்யாத ஒன்று எப்படி நோயை உண்டாக்கும்? ஒரு பகுதி விடை பீச் மரத்திலிருந்து கிடைத்தது. செடிகளுக்கு ஒரு தற்காப்பு முறை உண்டு: இரட்டையாக இணைந்த ஆர்என்ஏவைக் கண்டால் அவை அதை 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அவற்றுடன் பொருந்தும் ஆர்என்ஏவைத் தேடி அழிக்கும். தன்மேல் மடிந்த வைராய்டும் இவ்வாறே நறுக்கப்படுகிறது. பீச் மரத்தின் வைராய்டு வகை ஒன்றில், அப்படி நறுக்கப்பட்ட துண்டு புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுசெல்லும் மரத்தின் சொந்தச் செய்தி ஆர்என்ஏ ஒன்றுடன் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. பசுங்கணிகத்துக்குத் தேவையான ஒரு புரதத்துக்குரிய செய்தி அது. அது அழிக்கப்படுவதால் இலை வெளுக்கிறது.

பிலிப்பைன்ஸ் தென்னந்தோப்புகளில் வைராய்டு நோயின் கடுமை இன்னும் பெரிது. கடாங்-கடாங் என்ற தென்னை நோயை உண்டாக்கும் வைராய்டின் மிகச் சிறிய வடிவம் 246 எழுத்துகள் மட்டுமே கொண்டது. அது 3 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அழித்திருக்கிறது. முதலில் காய்கள் சிறுத்து உருண்டையாகி, அவற்றின் மேல் வடுக்கள் தோன்றுகின்றன. பிறகு ஓலைகளில் மஞ்சள் புள்ளிகள் பரவிக் காய்ப்பு நின்றுபோகிறது. பல ஆண்டுகள் கழித்து மரம் சாகிறது. நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களைத் தாக்கும் எக்ஸோகார்ட்டிஸ் வைராய்டு கவாத்துக் கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியாகவும் மரத்துக்கு மரம் செல்கிறது. இறுக மடிந்த அந்த ஆர்என்ஏ சூட்டையும் தாங்குவதால், கத்தியைத் தீயில் காட்டுவது நம்பத்தக்க வழி அல்ல. சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த பிளீச்சிங் கரைசலில் நனைத்தெடுப்பதே பயன் தரும். ஒட்டுக்கட்டும் நாற்றங்கால்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

செல்லற்ற தொற்றுப்பொருள்களில் பிரியானுக்கு மரபுப்பொருள்கூட இல்லை. ஸ்டான்லி புருசினர் 1982இல் பெயரிட்ட இது, தவறாக மடிந்த ஒரு புரதம். மூளையில் இயல்பாக இருக்கும் அதே புரதத்தைத் தொட்டுத் தன் மடிப்புக்கு மாற்றிவிடுகிறது. எழுத்து எதுவும் இல்லாத இடத்திலும் மடிப்பு தொற்றிப் பரவ முடிகிறது.

வைராய்டுகள் இயற்கையில் பெரும்பாலும் செடிகளையே தாக்குகின்றன. மனிதரிடம் அவற்றை மிகவும் ஒத்திருப்பது, 1977இல் இத்தாலியின் டூரின் நகரில் மாரியோ ரிசெட்டோ இனங்கண்ட, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் டி வைரஸ். சுமார் 1,700 எழுத்துகள் கொண்ட அதன் ஆர்என்ஏவும் வளையமே. அதுவும் கோலாக மடிகிறது, செல்லின் பாலிமரேஸைக் கொண்டே பெருகுகிறது, தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. வைராய்டைப் போலன்றி அது ஒரு புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கிறது; ஆனால் வெளியுறைக்கான குறிப்பு அதனிடம் இல்லை. அதற்கு ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் உறைப் புரதத்தையே அது எடுத்துக்கொள்கிறது. இதனால் பி தொற்று உள்ளவர்களிடம் மட்டுமே டி நோய் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் விரைவாகச் சுருங்கி இறுகுகிறது. டி வைரஸுக்கென்று தனித் தடுப்பூசி கிடையாது. இந்தியாவில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி, அந்த உறைக்கு எதிராகவே உடலைத் தயார்செய்வதால், அதன் முழுத் தவணைகளும் போட்டுக்கொண்டவர்களுக்கு டி வைரஸிடமிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கிறது.