பஞ்சாங்கத்தில் பதிந்த கட்டைவிரல்

1897 ஆகஸ்டில், வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியில் இருந்த பணம் போயிருந்தது. கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. பெட்டிக் காகிதங்களுக்கு நடுவே ஒரு வங்காளப் பஞ்சாங்கம். அதன் வெளிர் நீல அட்டையில் பழுப்பாக இரண்டு கறைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரு கறை வலது கட்டைவிரல் ரேகை என்று தெரிந்தது. ரத்தம் காய்ந்து பதிந்த ரேகை.

இப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி ரேகை கிடைப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் அது தெரியாது. உங்கள் செல்போன் திரையை அணைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிகிறதே, அதுதான். விரல் நுனியில் ஊறும் வேர்வையில் தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பும் அமினோ அமிலங்களும் தங்கிவிடும். முகத்தையோ தலையையோ தொட்ட விரல் என்றால் எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும்.

கண்ணாடி, எவர்சில்வர் போன்ற வழுவழுப்பான பரப்பில் மெல்லிய தூளைத் தூவினால் பசையில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள்: உறிஞ்சப்பட்ட அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும். எனக்குப் பிடித்தது பிளாஸ்டிக் பைக்கான வழிதான். நொடியில் ஒட்டும் சூப்பர் குளூவை மூடிய பெட்டிக்குள் சூடாக்குகிறார்கள். அதன் ஆவி ரேகைக் கோடுகளின் மேல் படிந்து வெள்ளையாக இறுகிவிடும்.

சரி, ரேகை வந்துவிட்டது. யாருடையது? விரலில் சங்கா, சக்கரமா என்று சின்ன வயதில் எண்ணியிருப்போம். அந்த வடிவம் கோடிக்கணக்கானவர்களுக்குப் பொது. நிபுணர் பார்ப்பது அதற்கும் நுட்பமானதை: ஒரு கோடு எங்கே சட்டென்று நிற்கிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, அப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை கோடுகள். தாய் வயிற்றிலேயே அமைந்துவிடும் இந்த ஒழுங்கு சாகும்வரை மாறாது. ஆழமான தழும்பு விழுந்தால்தான் குலையும்.

ஆனால் சங்கு, சக்கரமும் வீணில்லை. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகை அலுவலகத்தில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் பத்து விரல்களில் எவற்றில் சக்கரம் இருக்கிறது என்பதை வைத்தே கைதிகளின் ரேகைத் தாள்களை 1024 வகையாகப் பிரித்து அடுக்க உதவினார்கள். அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் நிலைத்தது. அது எப்போதும் நடப்பதுதானே.

ஜல்பாய்குரி ரேகை, மேனேஜரின் பழைய வேலைக்காரருடையதோடு பொருந்தியது. முன்பு திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் அவர் ரேகை கோப்பில் இருந்தது.

பொருத்திப் பார்ப்பது மனிதக் கண் என்பதால் தவறும் நேரும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையில் இருந்த அரைகுறை ரேகையை வைத்து எஃப்.பி.ஐ. ஒரு அமெரிக்க வழக்கறிஞரைப் பிடித்து இரண்டு வாரம் அடைத்து வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. லட்சக்கணக்கான ரேகைகளில் கணினி தேடினால், அச்சு அசலாகத் தோன்றும் அந்நியர் ஒருவர் அகப்படலாம்.

சரியாகவே பொருந்தினாலும், ரேகை சொல்வது தொட்ட விரலைத்தான். எப்போது தொட்டது, எதற்குத் தொட்டது என்பதெல்லாம் அதில் இல்லை. ஜல்பாய்குரி நீதிமன்றம் அன்றே இதைக் கவனித்தது. வேலைக்காரருக்குத் திருட்டுக்காகத் தண்டனை கொடுத்தது. கொன்றதைக் கண்டவர் யாரும் இல்லை என்பதால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.