‘லுவேகோ’: இடத்தைக் குறித்த சொல் நேரத்தைக் குறித்தது எப்படி?

‘லோகோமோட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியும், ஸ்பானியர் விடைபெறும்போது சொல்லும் ‘அஸ்தா லுவேகோ’வின் பின்பாதியும் ஒரே லத்தீன் வடிவத்திலிருந்து பிறந்தவை. லத்தீனில் ‘லோகுஸ்’ என்றால் இடம். வேற்றுமை ஏற்று ‘லோகோ’ என்றானால் ‘இடத்தில்’ என்றும் ‘இடத்திலிருந்து’ என்றும் பொருள் தரும். இருந்த இடம் விட்டு நகர்வது லோகோமோட்டிவ். ஸ்பானிய லுவேகோவுக்கோ இன்று ‘பிறகு’ என்று பொருள்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். லத்தீனின் குறில் ஒகரம் அழுத்தமான அசையில் நின்றால், ஸ்பானியத்தில் பெரும்பாலும் ‘உவே’ எனப் பிளந்துவிடும். உயிர்களுக்கு நடுவில் வரும் ‘க்’ மெலிந்து, ‘காந்தி’யின் முதலெழுத்தைப் போல ஒலிக்கும். அடுப்பைக் குறித்த ‘ஃபோகுஸ்’ இப்படித்தான் ‘ஃபுவேகோ’ ஆகி நெருப்பைக் குறித்தது. ஆங்கிலத்தின் ‘ஃபோகஸ்’ அதன் உடன்பிறப்பு. அழுத்தம் நகர்ந்துவிட்டால் இந்தப் பிளவு நேராது. ‘லோகாலிஸ்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், ஸ்பானியத்தில் அது ‘லுகார்’ ஆனது. அதற்கு இடம் என்று பொருள். ஆங்கில ‘லோக்கல்’ வந்ததும் அதே சொல்லிலிருந்துதான்.

பொருள் மாறிய விதம் இதைவிட அழகானது. ‘இடத்தில்’ என்பது ‘நின்ற இடத்திலேயே’ ஆகி, ‘உடனே’ ஆயிற்று. இந்தத் தாவல் புதிதன்று. ‘இடத்தில்’ என்ற தொடரிலிருந்து ‘உடனே’ என்னும் பொருளில் ‘இலிகோ’ என்ற சொல்லை லத்தீனே முன்பு ஆக்கியிருந்தது. பழைய ஸ்பானியத்திலும் லுவேகோ என்றால் உடனே. ‘உடனே வருகிறேன்’ என்பவர் சற்றுத் தாமதித்தே வருவார். தலைமுறை தலைமுறையாக அந்தத் தாமதம் சொல்லில் படிந்து, ‘உடனே’ மெல்ல ‘பிறகு’ ஆனது. ஆங்கில ‘சூன்’ என்பதும் ஒரு காலத்தில் ‘உடனே’தான். மனித இயல்பு இலக்கணத்தில் பதியும் இத்தகைய இடங்களே சொற்பிறப்பியலின் உயிர் என்பேன். மெக்சிகோவில் ‘லுவேகோ லுவேகோ’ என்று அடுக்கிச் சொன்னால், பழைய ‘உடனே’ இன்றும் தலைகாட்டும்.

ஒன்றை அடுத்து வருவது அதன் விளைவாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் லுவேகோவுக்கு ‘ஆகவே’ என்ற பொருளும் உண்டு. ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த்தின் கூற்று ஸ்பானியத்தில் ‘பியென்சோ, லுவேகோ எக்சிஸ்தோ’.

பிரெஞ்சில் லோகுஸ் ‘லியூ’ ஆயிற்று. மேலதிகாரியின் இடத்தைத் தாங்குபவர் என்ற பொருளில் அங்கே பிறந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான் ‘லெஃப்டினென்ட்’.